பக்கம் அமைக்கும் முறை

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சஞ்சிகையும் ஏனைய பிரசுரங்களும் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பது இன்று எனக்கு அளிக்கப்பெற்ற விஷயம். கல்வியைப் பற்றியும் ஒற்றுமையைப் பற்றியும் பேசவேண்டிய மேடையில், எழுத்தின் அளவையும் தாளின் ஓரத்தையும் பற்றிப் பேசுவது சிறு காரியம் என்று சிலர் கருதக்கூடும். அவர்கள் ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகின்றேன்.

ஒரு சங்கம் ஏழை மாணவர்க்குக் கல்வி உதவித் தொகை அளிக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பம் சேரவேண்டிய கடைசி நாள், நன்கொடையாளர் பட்டியலுக்கும் நன்றியறிவிப்புக்கும் இடையே, பொடியெழுத்தில், ஒரு வரியின் நடுவிற் கிடக்கின்றது. விசைத்தறிக் கூடத்தில் இரவு வேலை முடித்துவந்த தந்தை இதழைப் புரட்டுகின்றார். அவ்வரி அவர் கண்ணிற் படவில்லை. நாள் கடந்துவிடுகின்றது, அவர் மகளுக்கு அவ்வாண்டு உதவி இல்லை. பணமும் இருந்தது, கொடுக்க மனமும் இருந்தது, பெறுதற்குரியவளும் இருந்தாள். இடையில் நின்று கெடுத்தது பக்கத்தின் அமைப்பு ஒன்றே. ஆதலின் பக்க அமைப்பு என்பது அலங்காரத்தைச் சேர்ந்த விஷயம் அன்று. கொடுப்பது கொள்வாரைச் சென்றடையும் வழியைச் சேர்ந்தது.

இதன் உண்மையை அறியச் சிறிது பின்னோக்கிச் செல்வோம். நம் முன்னோர் ஓலையில் எழுதினர். எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை பழுதுறும் ஆதலின் பெரும்பாலும் புள்ளியிடாமலே எழுதினர். சொல்லுக்குச் சொல் இடம் விடுவதும் வழக்கமன்று. எகரம் எது, ஏகாரம் எது என்பதும் வடிவத்தால் விளங்காது. ஆயினும் கல்வி நடந்தது. எவ்வாறு? ஓலையைக் கையிலேந்திய மாணாக்கன் தனியே இருந்தானல்லன். அருகே ஆசிரியர் இருந்தார். எங்கே நிறுத்துவது, எங்கே பிரிப்பது, எது குறில், எது நெடில் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தன. ஓலை நினைவுக்குத் துணை, விளக்கம் ஆசிரியரிடத்தது.

அச்சு வந்ததும் இந்நிலை மாறிற்று. 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க நூலைத் தமிழெழுத்தில் அச்சிட்டார். ஒரே நூல் பற்பல பிரதிகளாகிப் பல ஊர்களுக்குச் சென்றது. சென்றவிடமெல்லாம் ஆசிரியரும் உடன் செல்ல இயலுமோ? இயலாது. அன்று முதல் வாசகன் தனியனானான். ஆசிரியர் செய்துவந்த வேலை பக்கத்தின் தலைமேல் விழுந்தது. நிறுத்துமிடத்தைப் பக்கமே காட்டவேண்டும். முக்கியமானது இது என்று பக்கமே சொல்லவேண்டும். யான் இன்று கூறவந்த கருத்து இது ஒன்றே: ஆசிரியர் அருகில் இல்லாத வாசகனுக்குப் பக்கமே ஆசிரியர். பிற யாவும் இதன் விரிவு.

இக்கருத்தை உணர்ந்து உழைத்தவர் பலர். வீரமாமுனிவர் (1680–1747) எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை வடிவத்திலேயே காட்டும் சீர்திருத்தம் செய்தார். தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் அச்சுக்கூடம் அமைத்தபோது, ஜெர்மனி தேசத்து ஹாலே நகரிலிருந்து வந்த தமிழெழுத்துக்கள் மிகப் பெரியனவாய் இருந்து காகிதத்தை விழுங்கின. ஆதலின் சிற்றெழுத்துக்களை உள்ளூரிலேயே வார்த்துப் புதிய ஏற்பாட்டை 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சிட்டனர். எழுத்தின் அளவு வாசகன் கண்ணோடு மட்டுமின்றிக் காகிதச் செலவோடும் கட்டுண்டது என்பதை இதனால் அறிகின்றோம். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், செய்யுளைக் கற்க இயலாதவர்க்கெனப் பெரியபுராணத்தை வசனமாக்கி 1852ஆம் ஆண்டில் வெளியிட்டார். சிறுவர்க்கெனப் பாலபாடங்களைப் படிப்படியாக வகுத்தார். வசனத்தில் நிறுத்தக் குறியீடுகளைக் கையாண்டார். எழுதுமுன் "இதனைப் படிப்பவர் யார்?" என்று கேட்டவர் அவர். மகாமகோபாத்தியாய சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, சுவடியில் ஒன்றோடொன்று கலந்து கிடந்த மூலமும் உரையும் கற்பவர்க்கு வேறு வேறாகத் தெளிவுற விளங்கின. ஈரோட்டுப் பெரியார் 1935ஆம் ஆண்டில் தம் பத்திரிகைகளில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். ணா, றா, னா, ணை, லை முதலியவற்றுக்கு இருந்த தனி வடிவங்களை நீக்கினமையால், அச்சுக்கோப்பவர்க்கும் அரிச்சுவடி கற்கும் குழந்தைக்கும் சுமை குறைந்தது. தமிழ்நாடு அரசு 1978ஆம் ஆண்டில் அச்சீர்திருத்தத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டுப்புறத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்தில் 1925ஆம் ஆண்டில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அக்காலத்தில் அது சேலம் ஜில்லா. இன்று நாமக்கல் மாவட்டம். கதரும் மதுவிலக்கும் அவ்வாசிரமத்தின் இரு கண்கள். மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே 1929ஆம் ஆண்டில் 'விமோசனம்' என்னும் மாதப் பத்திரிகை அங்கிருந்து வெளிவந்தது. அதில் ராஜாஜிக்குத் துணையாயிருந்தவர், பிற்காலத்தில் 'கல்கி' எனப் புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி. குடியின் கேட்டைச் சட்டவாதத்தாலும் கணக்காலும் மட்டும் கூறினால் குடியால் நொந்த வீட்டார் மனத்திற் புகாது. அவர்கள் வாழ்வையே கதையாக்கிக் காட்டினாற் புகும். ஆதலின் அவர் அப்பத்திரிகையிற் கதைகள் எழுதினார். பின்னர் ராஜாஜி சென்னை மாகாணத்துப் பிரதம மந்திரியாகி, 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி மதுவிலக்கை முதன்முதலாக நடைமுறைப்படுத்தியது நம் சேலம் ஜில்லாவிலேயே. ஒரு பத்திரிகையால் மட்டுமே அது விளைந்தது என்று யான் கூறேன். ஆயின் யாரை நோக்கிப் பேசுகின்றோம் என்று அறிந்து பேசியவர் இம்மண்ணில் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

நிற்க. இக்காலத்து நிலைமையைப் பார்ப்போம். முன்னாளில் ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோக்கப் பயின்ற தொழிலாளி வேண்டும். அவர் பல்லாண்டு குருகுலவாசம் செய்தவர். எங்கே இடம் விடுவது, எந்த எழுத்தோடு எது பொருந்தும் என்பது அவர் விரலுக்கே தெரியும். 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆல்டஸ் நிறுவனம் பேஜ்மேக்கர் என்னும் நிரலை வெளியிட்டது. ஆப்பிள் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறியும் அதே ஆண்டில் வந்தது. அவை இரண்டும் சேர்ந்து, மேசைமேல் வைத்த ஒரு கணினியிலேயே பக்கத்தை முழுதும் அமைக்கும் முறையைப் பரப்பின. இன்று சேலத்திலும் நாமக்கல்லிலும் ராசிபுரத்திலும் கடைவீதிதோறும் டி.டி.பி. நிலையங்கள் உள்ளன. கருவி எல்லார் கைக்கும் வந்துவிட்டது. அச்சுக்கோப்பவரின் பயிற்சி அதனோடு வரவில்லை. நூறு எழுத்துருக்கள் இருக்கின்றன என்பதற்காக ஒரே பக்கத்தில் பத்தைப் பயன்படுத்துவோர் உளர். வெற்றிடம் கண்டவிடமெல்லாம் பூவும் கொடியும் வைப்போர் உளர். இக்குறை நீங்கச் சில அடிப்படை விதிகளை அறிதல் வேண்டும்.

ராபின் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார், இத்தொழில் கல்லாதவர்க்கென 1994ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதி, நான்கு விதிகளை எடுத்தோதினார். நெருக்கம், நேர்வரிசை, மீள்வரவு, வேறுபாடு என அவற்றை நாம் தமிழிற் கூறலாம். இவை நெசவுக் குடியிற் பிறந்த நமக்குப் புதியன அல்ல. 'அச்சு' என்னும் சொல்லே தறிக்கும் தாளுக்கும் பொதுவன்றோ? பாவு இழைகளை இடைவெளி பிசகாமல் நிறுத்தி, ஊடையை நெருக்கித் தருவதும் அச்சு. எழுத்தைத் தாளிற் பதிப்பதும் அச்சு.

முதலாவது, நெருக்கம். ஒன்றோடொன்று உறவுடையவை அருகருகே இருத்தல் வேண்டும். உறவற்றவை விலகி நிற்றல் வேண்டும். சேலையிற் கரைக்குரிய நிறம் கரையிலும், உடலுக்குரியது உடலிலும், முந்திக்குரியது முந்தியிலும் நிற்கும். கூட்ட அறிவிப்பில் நாள், நேரம், இடம் மூன்றும் ஒரு தொகுதியாக நிற்கட்டும். நாளை முதலிலும் இடத்தைக் கடைசியிலும் வைத்து, இடையே பத்துப் பேர் பெயரை நிரப்புதல் கூடாது.

இரண்டாவது, நேர்வரிசை. பக்கத்தில் வைக்கும் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு கோட்டைப் பற்றி நிற்றல் வேண்டும். தலைப்பு நடுவிலும், அதன்கீழ் ஒன்று இடப்புறத்திலும், மற்றொன்று சற்றே தள்ளியும் நின்றால், அச்சிற் பல் உடைந்த தறியில் நெய்த துணிபோல் ஆகும். குறை எங்கே என்று பார்ப்பவர்க்குச் சொல்லத் தெரியாது. ஆயினும் கண் இடறும்.

மூன்றாவது, மீள்வரவு. புட்டா ஒரே அளவில், ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதனாலேயே சேலை முழுதும் ஒன்று என்று தோன்றுகின்றது. அதுபோலத் தலைப்புக்களெல்லாம் ஒரே எழுத்துருவில், ஒரே அளவில் வரல் வேண்டும். மரண அறிவிப்பு எப்போதும் ஒரே பக்கத்தில், உதவித் தொகை அறிவிப்பு எப்போதும் ஒரே இடத்தில் வருமாயின், வாசகர் தேடவேண்டுவதில்லை. கை தானே அப்பக்கத்தைப் புரட்டும்.

நான்காவது, வேறுபாடு. வேறாக இருக்கவேண்டியது நன்றாக வேறாக இருத்தல் வேண்டும். உடல் நிறமும் கரை நிறமும் ஏறக்குறைய ஒன்றாயின், அதை அழகென்று ஒருவரும் கொள்ளார். சாயம் ஒவ்வாமற்போன பிழை என்றே வாங்குவோர் எண்ணுவர். தலைப்பெழுத்து உடலெழுத்தினும் சிறிதளவே பெரியதாயிருப்பது அத்தகைய பிழை. அதனைத் துணிந்து பெரிதாக்குக. ஆயினும் ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் தடித்த எழுத்தாக்கினால் எதுவும் தடித்ததாகாது. எல்லாரும் ஒருங்கே கூச்சலிடும் பஞ்சாயத்தில் எவர் சொல்லும் கேளாது.

வெற்றிடத்தைப் பற்றியும் ஒரு சொல். தாளின் நான்கு புறமும் விடும் ஓரம் வீண் என்று எண்ணுவோர் உளர். கரையில்லாத துணி நைந்து பிரியும். ஓரமில்லாத பக்கமும் அத்தன்மையதே. இதழைப் பிடிக்கும் விரலுக்கு இடம் வேண்டும். தைக்கும் பக்கத்தில் எழுத்து மறையாதிருக்க இடம் வேண்டும். கண் இளைப்பாறவும் இடம் வேண்டும்.

இவ்விதிகளை ஆங்கிலப் புத்தகத்திலிருந்து அப்படியே பெயர்த்து நடுதல் தகாது. தமிழெழுத்துக்குத் தனி இயல்புகள் உள. ஆங்கிலத்திற் பேரெழுத்துக்களால் தலைப்பை வேறுபடுத்தலாம். தமிழிற் பேரெழுத்து இல்லை. ஆதலின் அளவாலும் தடிப்பாலும் இடைவெளியாலுமே வேறுபாடு காட்டவேண்டும். கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் வரிக்கும் வரிக்கும் இடையே சற்று மிகுதியான இடம் வேண்டும். அடிக்கோடிட்டால் ஞ, ழு, ரு போன்ற எழுத்துக்களின் அடிப்பாகம் வெட்டுண்ணும். மிகத் தடித்த எழுத்துருவைச் சிறிய அளவில் இட்டால் ண, ஞ, ஐ முதலியவற்றின் சுழிகள் மையால் அடைபடும். மேலும் நம் சொற்கள் விகுதியும் உருபும் சேர்ந்து நீள்வன. குறுகிய பத்தியில் அவற்றை இருபுறமும் சமமாக இழுத்து நிறுத்தினால், சொற்களுக்கிடையே பெரும் பள்ளங்கள் விழும். பத்தியை அகலமாக்குதல், அல்லது வலப்புறத்தை இழுக்காமல் விடுதல், அல்லது நீண்ட சொல்லைத் தக்கவிடத்திற் பிரித்தல், இம்மூன்றனுள் ஒன்று செய்க.

இனி வாசகரைப் பற்றி. நமது சஞ்சிகை ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அதனைப் படிப்பவர் ஒருவரல்லர். முதலிற் பாட்டனார் எடுக்கின்றார். பலநாள் இழை பார்த்துப் பார்த்து மங்கிய கண் அவருடையது. அவர் தேடுவது யார் மறைந்தார், யார் வீட்டில் விசேஷம் என்பது. அவருக்கு 12 பாயிண்டுக்குக் குறையாத எழுத்தும், பளபளப்பில்லாத தாளும், வெள்ளைமேற் கறுப்பு மையும் வேண்டும். மஞ்சள்மேல் வெள்ளையெழுத்து இளைஞர் கண்ணுக்கு அழகாயிருக்கலாம். பாட்டனாருக்கு அது வெற்றுத்தாள். அடுத்து வீட்டுத் தாய் எடுக்கின்றாள். அவளுக்குக் கிடைக்கும் நேரம் உலை கொதிக்கும் வரையில். மண்பெண் மணமகன் விவரம் அவளுக்கு முக்கியம். வயது, படிப்பு, தொழில், ஊர் எல்லாம் எல்லா வரியிலும் ஒரே முறையில் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க இயலும். பின்னர் மகனும் மகளும். அவர்கள் காகிதத்தையே தொடாமற் கைப்பேசியிற் பார்ப்பவர்கள். காகிதத்துக்கென அமைத்த இருபத்திப் பக்கத்தை அப்படியே அனுப்பினால், அக்குறுந்திரையில் விரலால் இழுத்து இழுத்து அலுத்து விடுவர். அவர்களுக்கென ஒற்றைப் பத்தியாக, சுருக்கமாக, வேறொரு வடிவம் அமைத்தல் வேண்டும். செய்தி ஒன்று, அமைப்பு இரண்டு. இதனை வீண் வேலை என்னாதீர்கள். ஒரே நூலைக் கோடைக்கு மெல்லியதாகவும் மாரிக்குத் தடித்ததாகவும் நெய்பவர் நாம்.

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளிற் சித்திரம் எழுதுவோரைக் கவனித்ததுண்டோ? வண்டியின் பின்புறத்தில், ஒலியெழுப்பச் சொல்லும் வாசகத்தைச் சில சொற்களில், பெரிய எழுத்தில், பளிச்சென்ற நிறத்தில் எழுதுகின்றனர். படிப்பவன் பின்னே விரைந்து வருபவன், அவனுக்குள்ள அவகாசம் ஒரு கணம் என்பதை அறிந்து எழுதுகின்றனர். நாம் அச்சிடும் கலியாணப் பத்திரிகையை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அத்தை மாமன், பெரியப்பா சித்தப்பா, பங்காளி சம்பந்தி என அறுபது பெயர்கள் வரிசையாக நிற்கும். ஒருவர் பெயர் சிறுத்தால் மனத்தாங்கல் வரும் என்பதை யான் அறிவேன். உறவைப் பேணுவதும் பத்திரிகையின் வேலையே. ஆயினும் ஓமலூரிலிருந்து பஸ் ஏறி வரும் கிழவிக்கு மண்டபம் எந்த நிறுத்தத்தில் என்பது எங்கோ மூலையிற் கிடக்கலாமோ? பெயர்களுக்கு ஒரு பக்கம் முழுதும் கொடுங்கள். நாள், முகூர்த்த நேரம், மண்டபம், இறங்குமிடம் இந்நான்குக்கும் தனியிடம் கொடுங்கள். பெயர் படிப்பவரும் மகிழ்வர். வருபவரும் வழி தவறார்.

இன்னொன்று எழுத்துருவின் உள்ளமைப்பைப் பற்றியது. முன்பு கணினியில் வழங்கிய தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு எண் ஒழுங்கைக் கொண்டிருந்தன. ஒரு நிலையத்தில் அமைத்ததை அவ்வெழுத்துரு இல்லாத மற்றொரு நிலையத்தில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். இதனால் பழைய இதழ்களைக் கணினியில் வைத்திருந்தும் தேடிப் படிக்க இயலாத சங்கங்கள் உண்டு. இதற்குப் பரிகாரம் ஒருங்குறி. எவ்வெழுத்துக்கு எவ்வெண் என்பதை உலகம் முழுதும் ஒன்றாக வகுத்த முறை அது. தமிழ்நாடு அரசும் 2010ஆம் ஆண்டில் அதனைத் தரமாக ஏற்றது. நமது இதழ் ஒருங்குறியில் அமைந்தால், இன்று பதிப்பித்ததை நம் பேரப்பிள்ளைகளும் பெயர் சொல்லித் தேடி எடுப்பர். குலத்தின் வரலாறு அழியாதிருக்க இதுவும் ஒரு வழி.

ஆதலின் சங்கத்தின் முன் ஐந்து வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கின்றேன்.

1. கல்வி உதவி, மருத்துவ உதவி முதலிய அறிவிப்புக்கள் ஒவ்வோரிதழிலும் மூன்றாம் பக்கத்தில், கட்டமிட்டு, கடைசி நாளைத் தலைப்பிலேயே கொண்டு வெளிவரல் வேண்டும்.

2. உடலெழுத்துக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று என இரண்டு எழுத்துருக்களே போதும். உடலெழுத்து 12 பாயிண்டிற் குறையலாகாது. இடம் போதாவிடின் எழுத்தைக் குறைக்காமற் சொல்லைக் குறைக்க வேண்டும்.

3. இதழ் முழுதும் ஒருங்குறியில் அமைதல் வேண்டும். கைப்பேசிக்கென ஒற்றைப் பத்தி வடிவமும் உடன் வெளிவரல் வேண்டும்.

4. அச்சுக்குக் கொடுக்குமுன், எழுதியவரும் அமைத்தவரும் அல்லாத இருவர் மெய்ப்புப் பார்த்தல் வேண்டும். அவருள் ஒருவர் அறுபது வயது கடந்தவராயிருத்தல் நன்று. "உதவித் தொகைக்குக் கடைசி நாள் எது?" என்று அவரைக் கேளுங்கள். உடனே விரல் வைத்துக் காட்டினால் பக்கம் தேறிற்று, தேடினால் திருத்துக.

5. நம் இளைஞருள், பெண்மக்களும் உட்பட, சிலர்க்கு இக்கலையைச் சங்கச் செலவிற் பயிற்றுவித்தல் வேண்டும். நெசவிற் கூலி குறைந்து வாடும் குடும்பங்களுக்கு இஃது ஒரு கைத்தொழிலாகவும் ஆகும்.

இவற்றுக்கு ஆகும் பொருட்செலவு அதிகமன்று, வேண்டுவது கருத்து. நன்றாக நெய்த துணியை உடுத்தியவர் நெசவாளியை நினைப்பதில்லை. உடல் நோகாமல் உடுத்தினோம் என்பதே அவர் அறிவது. நன்றாக அமைத்த பக்கத்தைப் படித்தவரும் அமைத்தவரை நினையார். செய்தி தெரிந்தது என்பதே அவர் அறிவது. அவ்வளவே நமக்கு வேண்டும்.

 வாழ்க நம் குலம்! வளர்க கல்வி!